உதவித்தொகையை நம்பி வாழ்பவருக்கு நிலையான வேலை: மகளிர் குழுத் தலைவிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு வழிகாட்டி

விதவை ஓய்வூதியம், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை, வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ நம்பிக் குடும்பம் நடத்தும் ஒருவர், தமக்கு ஒரு வேலை பார்த்துத் தருமாறு உங்களிடம் வந்து நின்றால், அவரிடம் முதலில் எதைப் பேசுவது, எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது, எந்தப் பயிற்சியில் சேர்ப்பது, சேர்த்த பிறகு எவ்வளவு காலம் உடன் நிற்பது என்பவற்றைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருப்பூர், காங்கேயம் பக்கத்தவை. ஓசூரிலோ ராணிப்பேட்டையிலோ இருப்பவர்கள் கம்பெனி, அதாவது பனியன் கம்பெனி, என்று வருமிடத்தில் தங்கள் ஊர்த் தொழிலை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

உதவ முன்வருபவர்களில் பலர் நேராகப் பயிற்சியில் தொடங்கிவிடுகிறார்கள். தையல் வகுப்போ அழகுக்கலை வகுப்போ எங்கேனும் நடந்தால் பெயரைக் கொடுத்துவிட்டு, சான்றிதழ் வாங்கிய நாளில் படம் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். என் கருத்தில் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு முதலில் வர வேண்டும். அதன் பிறகு ஆவணம், பிறகு ஊரில் உண்மையில் காலியாக உள்ள வேலை, அந்த வேலைக்குத் தேவையான பயிற்சி, கடைசியாக முதல் மூன்று மாதத் துணை என்று போக வேண்டும். இவற்றில் முதலாவதும் கடைசியும்தான் ஆளை வேலையில் நிறுத்துகின்றன என்பதால் அவ்விரண்டையும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அச்சத்தைக் கணக்காக எழுதுங்கள்

“வேலைக்குப் போனா பென்ஷன் நின்னு போயிருமாங்க?” என்ற கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் மனத்தில் இருப்பது அதுதான். அந்தக் கேள்விக்கு “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று சமாதானம் சொல்லி அனுப்பினால், அவர் வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய இரவு மனம் மாறிவிடுவார். அல்லது வேலையில் சேர்ந்ததை மறைப்பார். ஆதார் எண் ஓய்வூதியப் பட்டியலிலும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கணக்கிலும் ஒருசேர இருக்கும் இந்தக் காலத்தில் மறைப்பது நெடுநாள் நிலைக்காது. ஆகவே எது நிற்கும், எது நிற்காது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதே முறை.

ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற நிலை என்பதே அதற்கு அடிப்படை என்பதால், நிலையான மாதச் சம்பளம் வந்தால் அது தொடர்வது கடினம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். உறுதியான பதிலை வட்டாட்சியர் அலுவலகத்திலுள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் நேரில் கேட்டுப் பெறுங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வகுக்கப்பட்ட வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய் என்பதால், கணவனும் மனைவியும் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய் ஈட்டினாலும் வருமானத்தின் பேரில் அந்தத் தொகை போய்விடாது. தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் எல்லோருக்கும் பொதுவானது. வேலைக்குப் போவதால் அரிசி அட்டை ரத்தாகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மட்டும் கவனம் தேவை. அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000 ரூபாய். அதற்குமேல் சம்பளம் வரும் வேலையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா என்பதைப் பார்க்காமல் ஒருவரைச் சேர்த்துவிட்டால், வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது இரண்டு காப்பும் இல்லாமல் போகும்.

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையின் கணக்கு எளிது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாதபோது, பத்தாம் வகுப்பில் தேறாதவர் என்றால் மாதம் 200, தேறியவர் என்றால் 300, மேல்நிலைப் படிப்புக்கு 400, பட்டப்படிப்புக்கு 600 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. இந்தத் தொகை யாரையும் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார வைக்கும் அளவுக்குப் பெரிதன்று. உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் இன்றைய மாதத்தையும் வலப்பக்கம் வேலைக்குப் போகும் மாதத்தையும் அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். காங்கேயத்துக்கு அருகே வசிக்கும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளையுடைய ஒரு தாயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் 1,200, தோட்ட வேலையில் நாளொன்றுக்கு 350 வீதம் 12 நாள் கூலி 4,200, ஆக 5,400 ரூபாய். கம்பெனியில் மாதச் சம்பளம் 11,000 என்கிறார்கள். அதில் பி.எஃப். 12 விழுக்காடு, அதாவது 1,320, இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, அதாவது 83. கைக்கு வருவது 9,597. ஓய்வூதியம் முற்றிலும் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டாலும் 4,197 ரூபாய் கூடுதல். மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 1,000 கொடுத்தாலும் 3,197 மிஞ்சுகிறது, பி.எஃப். கணக்கில் அவருடைய 1,320-உம் நிறுவனத்தின் பங்கும் தனியே சேர்கின்றன. எண்கள் உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். சில குடும்பங்களில் மிச்சம் எதுவுமே இல்லை என்று தாள் காட்டினாலும் காட்டும். அப்படிக் காட்டினால் அந்த வேலைக்கு அவரை அனுப்ப வேண்டாம்.

தாளின் பின்பக்கம்: நேரம்

பணக் கணக்கு கூடிவந்தும் நேரக் கணக்கில் வேலை முறிந்துபோவது உண்டு. பிள்ளைகளை யார் எழுப்பி அனுப்புவது, பேருந்து எத்தனை மணிக்கு, மாதவிடாய் நாளிலும் காய்ச்சல் நாளிலும் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் அதே தாளின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். இங்கே அரசுத் திட்டங்கள் சில எதிர்பாராத வகையில் கைகொடுக்கின்றன. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டத்தால், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்குச் சமைத்து ஊட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்ற கட்டாயம் தாய்க்குத் தளர்ந்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே வேலை தேடும்போது நகரப் பேருந்து போகும் தடத்தை முதலில் பார்த்து, புறநகர்ப் பேருந்தில் மட்டுமே போகக்கூடிய இடமானால் கம்பெனி வேன் வருகிறதா என்று கேளுங்கள். அங்கன்வாடி மாலை ஷிப்ட் முடியும் வரை திறந்திருக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளியூர் வேலை என்றால் பணிபுரியும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி அந்த ஊரில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

இன்னொன்றைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்: கடன் தவணை. மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களின் சென்டர் மீட்டிங் (தவணை வசூலிக்கும் குழுக் கூட்டம்) பெரும்பாலும் வேலை நாளின் காலை நேரத்தில் நடக்கிறது. அதற்குப் போனால் வேன் போய்விடும், வேனுக்குப் போனால் தவணைக்காரர் வீட்டு வாசலில் நிற்பார். எத்தனை குழுக் கடன், எந்தக் கிழமை, எவ்வளவு என்பதைக் கேட்டறிந்து, அவருக்குப் பதிலாகத் தவணையைக் கட்ட ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ஆவணங்களில் ஒரே பெயர்

ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, பெயரையும் தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெண்களின் ஆவணங்களில் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்தும், ஆதாரில் கணவரின் பெயரும், வங்கியில் தலைப்பெழுத்தே இல்லாத பெயரும் இருப்பது வழக்கம், பி.எஃப். கணக்கு தொடங்கும்போதும் பின்னால் அந்தப் பணத்தை எடுக்கும்போதும் இந்த வேறுபாடு முட்டுக்கட்டையாகும். ஆதாரைத் திருத்திவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவதே பெரும்பாலும் எளிது. ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் தம்பியுடையதாகவோ, எப்போதோ தொலைந்துபோன சிம் கார்டினுடையதாகவோ இருக்கக்கூடும். ஓ.டி.பி. வராமல் எந்த இணையப் பதிவும் நகராது என்பதால் இதை முதல் வாரத்திலேயே சரிசெய்யுங்கள். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், வேலைவாய்ப்புப் பதிவு எண் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அந்த நோட்டு அவரிடமே இருக்கச் செய்யுங்கள். உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அவர் உங்களைத் தேடி வரவேண்டியிருக்கும்.

கணவரை இழந்து ஆதரவின்றி இருப்பவராயின் ஆதரவற்ற விதவைச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் பெண்களுக்கு ஒதுக்கப்படும் இடங்களில் பத்து விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு உரியது என்பதால், பத்தாம் வகுப்புத் தேறிய ஒருவருக்கு அந்தத் தாள் மிகுந்த பயனுடையது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித்துவ அடையாள அட்டை வேண்டும். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் அவர்களுக்குப் பதிந்து ஓராண்டு முடிந்ததும் கூடுதல் தொகையாகக் கிடைக்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். பதிந்துவிட்டு அழைப்புக் கடிதத்துக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்; பதிவை உயிரோடு வைத்திருங்கள், ஆனால் அதை நம்பி வேறு வேலை தேடாமல் இருக்க விடாதீர்கள்.

பலகைகளைப் படித்த பிறகு பயிற்சி

ஒரு நாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு, கம்பெனிகள் உள்ள தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்து, வாசலில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ பலகைகளை ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், செக்கிங், கைமடி, அயர்னிங், பேக்கிங் என்று எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதே உங்கள் வட்டாரத்தின் வேலைச் சந்தை. அந்தத் தாளுடன் பயிற்சி மையத்துக்குப் போனால் கேள்வி தானாகவே எழும். கால்மிதி இயந்திரத்தில் ரவிக்கை தைக்கக் கற்றுத்தரும் வகுப்பை முடித்த பெண், பவர் மெஷினில் (மின் தையல் இயந்திரத்தில்) பீஸ், அதாவது ஆடைத் துண்டு, ஓட்டத் தெரிந்த டெய்லர் ஆகிவிட மாட்டார். முன்னது வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பதற்கு நல்லது. கம்பெனிக்குப் போக விரும்புபவருக்குப் பின்னதே வேண்டும். ஆகவே மையத்தில் எந்த இயந்திரம் இருக்கிறது, ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பேர், சென்ற அணியில் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பவற்றைக் கேட்டு, அவர்களில் இருவருடனாவது தொலைபேசியில் பேசிய பிறகே பெயரைக் கொடுங்கள். சென்ற அணியின் தொடர்பைத் தர மறுக்கும் மையத்தை விட்டுவிடலாம்.

கட்டணமில்லாப் பயிற்சிக்கான வழிகளில் மூன்றை இங்கே சொல்கிறேன். சொந்தத் தொழில் செய்ய நினைப்பவருக்கு, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் பொருத்தமானது. மக்கள் இதை ‘ஆர்செட்டி’ என்பார்கள். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கப்பட்ட ருட்செட்டி நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவான இந்த நிலையங்களில் கறவை மாடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு போன்றவை ஏறத்தாழ பத்து நாள்களிலும், தையல், கைப்பேசி பழுதுபார்த்தல், அழகுக்கலை போன்றவை ஏறத்தாழ ஒரு மாதத்திலும் முடிகின்றன. உணவும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்பதும் அவற்றின் நடைமுறையாகும். அந்தத் தொடர்பைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. ஆனால் ஏற்கெனவே மூன்று குழுக் கடன் இருக்கும் குடும்பத்தை, மானியம் கிடைக்கிறது என்பதற்காக நான்காவது கடனில் இறக்கிவிடாதீர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது மாதச் சம்பளம். தொழில் ஓராண்டு கழித்து வரட்டும்.

மாதச் சம்பள வேலையை நாடும் கிராமப்புற இளைஞர்களுக்குத் தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் 2014 முதல் நடைபெறுகிறது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வயது வரை இடமுண்டு. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினருக்கு வேலை வாங்கித் தர வேண்டும் என்பது பயிற்சி நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையோ, ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வட்டார அலுவலகத்தையோ கேட்டால், அடுத்த இளைஞர் திறன் திருவிழா எப்போது என்று சொல்வார்கள்.

எட்டாம் வகுப்பு மட்டும் தேறியவர்களும் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் அரசு ஐ.டி.ஐ.யில் சேரலாம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்து அட்டையும் உண்டு. ஓராண்டு, ஈராண்டு வருமானமின்றி இருக்க முடியாத குடும்பத் தலைவர்களுக்கு இது ஒத்துவராது. அந்த வீட்டிலுள்ள பதினேழு வயதுப் பையனுக்கு இது மிக நல்ல வழி. பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்களைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி, வேலைக்குப் போய்க்கொண்டே முடிக்க வைப்பது எந்தக் குறுகிய காலச் சான்றிதழையும்விட நீண்ட பயன் தரும்.

வேலையைத் தேடும் இடமும் தவிர்க்கும் இடமும்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடைபெறும் சிறிய தனியார் துறை முகாம்களுக்குப் போவதையே நான் முதலில் சொல்வேன். பெரிய வேலைவாய்ப்பு விழாக்களில் கூட்டம் மிகுதி, பேசும் நேரம் குறைவு. தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிவதற்கும் கட்டணம் இல்லை. போட்டித் தேர்வு எழுத விரும்புபவருக்கு அதே அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் உண்டு.

வேலைக்கு முன்பணம், சீருடைப் பணம், பதிவுப் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும் அனுப்பாதீர்கள். மேற்கு மாவட்ட நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியும். இன்று அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், சம்பளத்தை மாதாமாதம் தராமல் கடைசியில் மொத்தமாகத் தருவோம் என்று யார் சொன்னாலும் அது அதே வகையைச் சேர்ந்தது என்று கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலையென்றால் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ, மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவரையோ மட்டும் நாட வேண்டும்.

தன்விவரத் தாள் ஒரு பக்கம் போதும். அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதும் பெண்ணிடம் சற்று நேரம் பேசிப் பாருங்கள். மகளிர் குழுவில் ஊக்குநராக இருந்திருப்பார். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக வருகைப் பதிவு எடுத்திருப்பார். அப்படியானால், “பன்னிரண்டு உறுப்பினர் கொண்ட குழுவின் வரவு செலவுப் பதிவேடுகளை நான்கு ஆண்டுகள் எழுதினேன், மாதந்தோறும் வங்கியில் பணம் செலுத்தினேன்” என்று உண்மையை உள்ளபடி எழுதினால், பேக்கிங் வேலைக்குப் போக இருந்தவரை ஸ்டோர்ஸ் பிரிவில் எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. செய்யாத வேலையைச் சேர்த்து எழுதாதீர்கள். இரண்டு கேள்வியில் வெளுத்துவிடும்.

முதல் சம்பளம் வரை

வேலையில் சேர்பவர்கள் எங்கே உதிர்கிறார்கள் என்று பார்த்தால், முதல் வாரத்திலும் முதல் சம்பளத்துக்கு முந்தைய பத்து நாள்களிலும்தான். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஜூன் 5 அன்று சேர்ந்தவர் கையில் ஜூலை 7 வரை பணம் இல்லை என்பது அதன் மறுபக்கம். அன்றாடக் கூலியிலும் வாரக் கூலியிலும் ஓடிய வீட்டுக்கு அந்த ஒரு மாதத்தைக் கடப்பது பெரும்பாடு. மளிகைக் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்பார், அதே நேரத்தில் தோட்டத்துக்காரர் “இன்னிக்கு வந்தா கையிலேயே காசு” என்பார். அந்த ஒரு நாள் விடுப்பு இரண்டாகும், பிறகு வேலையே போய்விடும்.

இதற்கு நான் அறிந்த நடைமுறைத் தீர்வு, வேலையில் சேரும் வாரத்திலேயே மகளிர் குழுவின் உள்கடனாக ஒரு மாத மளிகைக்குப் போதுமான தொகையைக் கொடுத்து, முதல் மூன்று சம்பளத்தில் மூன்று தவணையாகத் திரும்பப் பெறுவதாகும். குழுக் கூட்டத்தில் இதற்கெனத் தீர்மானம் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் விவாதம் இராது. திருப்பூர் வழக்கப்படி சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம் தரும் யூனிட்டுகளில் இந்த இடைவெளிச் சிக்கல் இல்லை. அதனால்தான் பலர் அவற்றையே விரும்புகிறார்கள். ஆனால் பவர் டேபிள் (பீஸ் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை) போன்ற சிறு யூனிட்டுகளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பெரும்பாலும் இருப்பதில்லை. பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ.யும், இருபது பேரோ அதற்குமேலோ என்றால் பி.எஃப்.-உம் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை மனத்தில் கொண்டு, வாரச் சம்பளத்தில் தொடங்கி ஆறு மாதத்தில் பதிவுள்ள கம்பெனிக்கு மாறுவது என்று திட்டமிடுவதில் தவறில்லை.

முதல் வாரத்தில் உடல்தான் முதலில் முரண்டுபிடிக்கும். தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து பழகியவருக்கு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பீஸ் பார்ப்பது கால்வீக்கத்தைத் தரும்; சூப்பர்வைசரின் அதட்டல் மனத்தை நோகடிக்கும். மூன்றாம் நாள் மாலை அவரை அழைத்து, “அக்கா, இன்னிக்குக் கால் வலி எப்படி இருக்குங்க?” என்று கேளுங்கள். “வேலை எப்படி?” என்று கேட்டால் “பரவாயில்லைங்க” என்ற பதில்தான் வரும், குறிப்பாகக் கேட்டால்தான் கழிப்பறைக்குப் போக விடாதது, டார்கெட் எட்டவில்லை என்று திட்டியது, வேன் ஓட்டுநரின் பேச்சு சரியில்லாதது போன்றவை வெளியே வரும். பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்குமேலோ உள்ள எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் சேரும் நாளிலேயே சொல்லி வைத்திருங்கள்.

முதல் சம்பள நாளில் சம்பளச் சீட்டை அவருடன் உட்கார்ந்து படியுங்கள். சொன்ன தொகையும் போட்ட தொகையும் ஒன்றா, விடுப்புக்கு எவ்வளவு பிடித்தார்கள், பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். எண் (பி.எஃப்.க்காக ஒருவருக்குத் தரப்படும் தனி எண்) கொடுத்தார்களா, இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணில் பிள்ளைகளின் பெயர் சேர்ந்ததா என்று பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்கள் உண்டு என்பதால், மூன்றாம் மாதம் மத்திய அரசின் உமங் கைப்பேசிச் செயலியில் பி.எஃப். கணக்கேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. கட்டவில்லை என்றால் அவர் பெயர் தெரியாதபடி நாலைந்து பேர் சேர்ந்து கேட்பதே பாதுகாப்பு. தனியாகக் கேட்டவர் அடுத்த வாரம் வேலையில் இருக்க மாட்டார்.

வேலையை விட நேர்ந்தால்

சிலர் விட்டுவிடுவார்கள், மாமியார் படுக்கையில் விழுவார், ஆர்டர் இல்லையென்று கம்பெனி ஆளைக் குறைக்கும். அப்போது கடைசி நாள் வரையான சம்பளத்தையும் பணி அனுபவச் சான்றையும் வாங்கச் சொல்லுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதி பதியாமல் விட்டுப்போனால் பணமும் நகராது, கணக்கும் மாறாது. பணத்தை உடனே எடுக்கத் தோன்றும். ஆனால் அதே யு.ஏ.என். எண்ணை அடுத்த வேலைக்கும் கொண்டுபோனால் பணிக்காலம் தொடர்ந்து கூடும், பத்து ஆண்டுகள் சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதியும் வரும் என்பதை எடுத்துச் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். நின்றுபோன விதவை ஓய்வூதியத்துக்கு அவர் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்துடன் வைப்பதற்கு, விலகிய தேதியுள்ள கம்பெனிக் கடிதத்தின் நகல் ஒன்றை அந்தச் சிறு நோட்டுக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.